சனிக்கிழமை இரண்டு மணி நேரம்

கோயில் இளைஞர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் கேட்டது இதுதான்: படிவம் நான்கிலும் ஐந்திலும் (பதினாறு, பதினேழு வயது) படிக்கும் பிள்ளைகள் இருபது பேர் உங்கள் கைவசம் இருக்கிறார்கள். பட்டணத்தில் ஒரு பொது நூலகம் இருக்கிறது. மத்தியானம் போனால் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறது. வெளிநாடுகளில் நூலகத்துக்குள்ளேயே ஸ்டூடியோ வைத்துப் பாட்டு, வீடியோ, வேலைக்கான பயிற்சி என்று நடத்துகிறார்களாம். நம் மலேசியாவில், கெடா மாநிலத் தோட்டப் பக்கத்தில் அது நடக்குமா? நடத்தினால் பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்குமா?

நடக்கும், கிடைக்கவும் செய்யும். ஆனால் மெஷின் வாங்குவதில் தொடங்காதீர்கள். ஒருநாள் பட்டறையிலும் தொடங்காதீர்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே முகம். பிள்ளைகள் செய்து முடித்த ஏதோ ஒன்று வெளியே போய், அதை நாலு பேர் பார்க்கவோ கேட்கவோ வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பொது நூலகங்களில் வேலை பார்த்து, அதில் கடைசி ஒன்பது வருஷம் தென் கெடாவில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்து, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் சிகாகோவாக இருக்கும். அங்கே ஹரோல்ட் வாஷிங்டன் நூலகத்தில் 2009-இல் 'யூமீடியா' என்று பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஓர் இடம் திறந்தார்கள். மெக்ஆர்தர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. மடிக்கணினி, கேமரா, ஒலிப்பதிவு அறை எல்லாம் வைத்தார்கள். ஆனால் சாமான்களை விட அந்த இடத்துக்குப் பின்னால் இருந்த யோசனைதான் எனக்குப் பிடித்தது. மிசுகோ இட்டோ என்ற மானுடவியலாளரும் அவர் குழுவும், பிள்ளைகள் கணினியோடும் கைப்பேசியோடும் எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராய்ந்து மூன்று நிலைகளைச் சொன்னார்கள். முதலில் சும்மா கூடிக் கிடப்பது. அப்புறம் எதையாவது நோண்டிப் பார்ப்பது. பிறகு அதிலேயே மூழ்கிப் போவது. யூமீடியாவில் இந்த மூன்றுக்கும் இடம் விட்டார்கள். நம் ஊர் நூலகத்தில் முதல் நிலைக்கே இடம் கிடையாது. இரண்டு பேர் சிரித்தால் மேசையைத் தட்டுகிறோம். நானும் தட்டியவள்தான்.

அங்கே வாரம் ஒரு மாலை மேடை போடுவார்கள். யார் வேண்டுமானாலும் ஏறிக் கவிதை சொல்லலாம், ராப் பாடலாம். அதை நடத்திய மைக் ஹாக்கின்ஸைப் பிள்ளைகள் 'பிரதர் மைக்' என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடப் பையனாக அந்த மேடையில் ஏறிய ஒருவர்தான் பிற்பாடு சான்ஸ் த ராப்பர் என்ற பெயரில் 2017-இல் கிராமி விருதுகள் வாங்கினார். அவர் நன்றியோடு நினைத்துக்கொண்டது கையில் பிடித்த மைக்கை இல்லை, அந்தப் பிரதர் மைக்கை.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலத்தில் ஃபயட்வில் என்ற சிறிய ஊரின் நூலகம் 2011-இல், பிளாஸ்டிக்கில் பொருள் செய்து தரும் 3டி பிரிண்டரோடு ஓர் அறையைத் திறந்தது. அமெரிக்கப் பொது நூலகங்களில் இந்த மாதிரி அறைக்கு முன்னோடி அதுதான் என்கிறார்கள். 2018 டிசம்பரில் ஹெல்சிங்கியில் திறந்த ஓடி நூலகத்தில் தையல் மெஷின், 3டி பிரிண்டர், ஒலிப்பதிவு அறை எல்லாம் உண்டு. நம் நாட்டிலும் 2011-இல் திறந்த ஷா ஆலாம் ராஜா துன் ஊடா நூலகத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நூலகம் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரும் இடம் என்ற எண்ணம் போய்விடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பத்திரிகை தமிழ் முரசு, ஐம்பதுகளில் மாணவர் மணிமன்றம் என்று ஒரு பகுதி நடத்தியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எழுதப் பழகிய எத்தனையோ பிள்ளைகள் தங்கள் பெயரை முதன்முதலில் அச்சில் பார்த்தது அங்கேதான். பிறகு ஊர் ஊராக மணிமன்றங்கள் முளைத்தன. வாரா வாரம் வரும் ஒரு பக்கம், எழுதி அனுப்பினால் படித்துப் பார்க்க ஒரு ஆள், அச்சில் வந்ததைக் காட்டிக்கொள்ள ஊர். சிகாகோவில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான், கொஞ்சம் கூடுதல் செலவில்.

சரி, முதலில் நான் சறுக்கிய கதை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு நூலகத்துக்கு 3டி பிரிண்டர் ஒன்று வந்தது. திறப்பு விழா, ரிப்பன், பிரமுகர், படம். முதல் மாதம் பிள்ளைகள் வரிசையில் நின்று பெயர் போட்ட சாவிக்கொத்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் மாதம் பிளாஸ்டிக் இழை உள்ளே சிக்கியது. பயிற்சி எடுத்த ஊழியருக்கு அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. பழுது பார்க்கக் கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை, மறுபடியும் எழுதினோம். ஹரி ராயா பெருநாளுக்கு மேசை விரிப்பு துவைத்தபோது மிச்சமிருந்த ஒன்றை அதன் மேல் போர்த்தினோம். நான் மாற்றலாகி வரும்வரை அந்த விரிப்பை யாரும் எடுக்கவில்லை. மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாவிக்கொத்து எடுத்த பிள்ளைகளில் ஒருவரிடம்கூட 'நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய்' என்று நாங்கள் கேட்கவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது இருக்கும் இடத்தில் கைப்பேசியை வைத்துத்தான் தொடங்கினோம். எல்லோரிடமும் இருப்பது அது ஒன்றுதான். வேலை என்னவென்றால், உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, ஆறு நிமிஷமாகச் சுருக்கிக் கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான். ஒரு பையனின் பதிவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட 'திறன்' எல்லாம் அதற்குள் இருக்கிறது.

பையன் படிவம் நான்கு, பின்வரிசை வகுப்பு. அவனுடைய பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். முதல் வாரம் 43 நிமிஷப் பதிவோடு வந்தான். ஹெட்போனில் போட்டுக் கேட்டோம். மின்விசிறி, பக்கத்து வீட்டு டிவி நாடகம், வாசலில் போகும் மோட்டார், இவற்றுக்கு நடுவே எங்கோ பாட்டி. கேள்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தான்: "தோட்ட வாழ்க்கை எப்படிப் பாட்டி இருந்துச்சு?" பாட்டியும் "கஷ்டம்தான்யா" என்று சொல்லிவிட்டு உறவுக்காரர் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தவிர, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் "ஆ... ஆ..." என்று இவன் குரல். கேட்டு முடித்ததும் அவனே, "அக்கா, நான் வாயை மூடியிருக்கணும்" என்றான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாம் வாரத்துக்கு என்ன மாற்றலாம் என்று பிள்ளைகளே பேசினார்கள். மின்விசிறியை அணைக்க வேண்டும். கூடத்தை விட மெத்தையும் துணியும் இருக்கும் அறை நல்லது, சத்தம் மோதித் திரும்பாது. கைப்பேசியை வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். அழைப்பு வராதபடி விமானப் பயன்முறைக்கு மாற்ற வேண்டும். கேள்வியையும் மாற்றினார்கள்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எழுந்ததும் முதலில் எதைக் கையில் எடுத்தீர்கள்?

இந்தத் தடவை பாட்டி திறந்துகொண்டார். நாலு மணிக்கு எழுந்தது, நெற்றியில் விளக்கைக் கட்டியது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிராணி (தோட்டக் கணக்கர்) பேர் கூப்பிடும்போது ஓடிப்போய் நின்றது, பால் சுமக்கும் காண்டா (தோள் தண்டு) வாளி தோளில் அழுத்திய தழும்பு. நடுவில் ஒரு வாக்கியம்: "ஊர்ல சம்சாரிங்க மழ வேணும்னு கும்பிடுவாங்க, நாங்க மழ வேணாம்னு கும்பிடுவோம். மரம் நனைஞ்சா கத்தி வைக்க முடியாது, அன்னிக்குப் பேரும் இல்ல, காசும் இல்ல." இதைக் கேட்டதும் மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 38 நிமிஷத்தை ஆறாக்க வேண்டும். எதை விடுவது? கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனதைச் சொன்ன இடத்தில் பாட்டி சில விநாடிகள் பேசவே இல்லை. பையன் அந்த வெற்றிடத்தை வெட்டப்போனான். பக்கத்தில் இருந்த படிவம் ஐந்து பெண் கையைப் பிடித்துத் தடுத்தாள்: "வெட்டாத. அவங்க அழறது அங்கதான் கேட்குது." அரைமணி நேரம் சண்டை. கடைசியில் பாதியை விட்டு வைத்தார்கள். படைப்புத் திறன் என்று நாங்கள் திட்ட அறிக்கையில் எழுதும் சொல்லுக்கு என் கண்ணால் பார்த்த அர்த்தம் அந்த அரைமணி நேரம்தான்.

பதிவு முடிந்தபின் பாட்டியிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும் என்றேன். எழுதத் தெரியாதவரிடம் எப்படி வாங்குவது? படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினான். நூலகத்துக்காக மலாயில் ஒரு பத்திச் சுருக்கம் எழுதச் சொன்னேன். பள்ளியில் மலாய்க் கட்டுரை என்றால் ஓடுபவன், பாட்டியைப் பற்றி என்பதால் மூன்று தடவை திருத்தி எழுதினான். 'கிராணி', 'பெரட்டு', 'காண்டா' இவற்றையெல்லாம் மலாயில் எப்படிச் சொல்வது என்று எங்கள் மலாய் ஊழியரோடு உட்கார்ந்து பேசினான். காண்டா என்பதே மலாய்ச் சொல்தான் என்று அவர் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஒன்பது பதிவுகளையும் நூலகத்தில் ஒலிபரப்பினோம். பாட்டிமாரும் தாத்தாக்களும் வந்தார்கள். பெரும்பாலோர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே அன்றுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

இதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தப் பையன் ஒலிப்பதிவாளர் ஆகவில்லை. படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடித்து ஒரு தொழிற்பயிற்சிக் கழகத்தில் மின்னியல் சேர்ந்தான். நேர்முகத்தில், 'நீயாகத் தொடங்கி முடித்த ஒரு வேலையைச் சொல்' என்று கேட்டார்களாம். மற்ற பிள்ளைகள் பள்ளிச் சங்கத்தில் உறுப்பினர் என்று சொல்லும் இடத்தில், இவன் முதல் பதிவு ஏன் கெட்டது, இரண்டாவதில் என்ன மாற்றினேன் என்று சொல்லியிருக்கிறான். அதனால்தான் இடம் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். வாயடைத்துப் போய் உட்காரவில்லை, அது எனக்குப் போதும்.

இதே வழியில் வேறு வேலைகளும் செய்யலாம். பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் கடாரம் என்று படித்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கடாரத்தோடு சேர்த்துப் பேசப்படும் தொல்லியல் இடமான பூஜாங் பள்ளத்தாக்கும் மெர்போக் அருங்காட்சியகமும் ஒரு வேன் தூரத்தில் இருக்கின்றன. படம் எடுத்து மூன்று மொழியில் விளக்க அட்டை எழுதச் சொல்லுங்கள். 1960-இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் காசைத் திரட்டி முதன்முதலில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம் நம் கெடாவில்தான் இருக்கிறது. பங்கு போட்ட தாத்தாவின் பேரன் யாராவது உங்கள் இருபது பேரில் இருக்கலாம்.

உறுமி மேளப் பையன்களை விட்டுவிடாதீர்கள். ஊரில் அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அதிகம், ஆனால் குழுவாக வேலை செய்யவும் சொன்ன நேரத்துக்கு வரவும் ஏற்கெனவே பழகியவர்கள் அவர்கள்தான். எங்களிடம் வந்த குழுவை உள்ளே வாசிக்க விட முடியவில்லை. பின்பக்கத் திடலில் இருபது நிமிஷம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். பிள்ளைகளின் வீடியோக்களுக்குப் பின்னணி இசை அதுதான். சினிமாப் பாட்டைப் போட்டால் 1987 காப்புரிமைச் சட்டம் இருக்கிறது என்று வாயால் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியவில்லை; தங்கள் வாசிப்பை வேறொரு குழு கேட்காமல் எடுத்துப் போட்டபோது ஒரே நாளில் புரிந்துவிட்டது. அப்புறம் அவர்களுக்கு விலைப்பட்டியல் போடக் கற்றுக்கொடுத்தோம். வேன் வாடகை எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மழை வந்து திருவிழா தள்ளிப்போனால் யார் பொறுப்பு. அதுவரை, "கொடுக்கறத கொடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டு போனவர்கள்.

வேலை பற்றி நேரடியாகப் பேச ஒரு சனிக்கிழமையை மாதம் ஒருமுறை ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். நாங்கள் முதலில் மின்னஞ்சல் முகவரியைத்தான் பார்ப்போம். 'தல ரசிகன்', 'மாஸ் பாய்' என்ற பெயர்களில் இருக்கும் முகவரியிலிருந்து விண்ணப்பம் போனால் என்ன ஆகும் என்று அவர்களே சிரித்துக்கொண்டு மாற்றிக்கொள்வார்கள். அன்றே, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்தில், குளிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி எந்தெந்த வேலைக்கு எந்தெந்தத் தகுதி கேட்கிறார்கள் என்று தேடச் சொல்வேன். பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை என்றால் ஆபரேட்டர் ஒன்றுதான் தெரியும். 'தெக்னீஷியன்' என்று ஒரு படி இருக்கிறது, அதற்கு மலேசியத் திறன் சான்றிதழோ டிப்ளோமாவோ கேட்கிறார்கள் என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்போது அது மண்டையில் ஏறுகிறது. அந்தச் சான்றிதழ் 2006 தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. மூன்றாம் நிலைவரை சான்றிதழ், நான்கு டிப்ளோமா, ஐந்து உயர் டிப்ளோமா. எஸ்.பி.எம். சுமாராக வந்த பிள்ளைக்கும் ஒரு ஏணி இருக்கிறது என்பதை யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லுங்கள்: மலாய் மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ், 2013 முதல் அப்படித்தான். வரலாற்றைக் கைகழுவிவிட்ட பிள்ளைகள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள்.

எங்களிடம் அதிகம் எடுபட்டது சம்பளச் சீட்டு வகுப்பு. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். அதில் தொழிலாளர் சேமநிதிக்கு (இ.பி.எஃப்.) 11 விழுக்காடு பிடித்தால் 187. முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 போட வேண்டும். ஆக மாதம் 408 ரிங்கிட் உங்கள் பெயரில் சேர வேண்டும். "கையில் முழுசா தர்றேன், இ.பி.எஃப். வேணாம்" என்று சொல்லும் கடைக்காரர் யாருக்கு நல்லது செய்கிறார் என்று கணக்குப் போடச் சொன்னேன். ஒரு பெண் அன்று மாலையே தன் அம்மாவின் கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தாள். சீட்டில் பிடித்த பணம் பல மாதங்களாகக் கணக்கில் ஏறவே இல்லை. அம்மாவுக்கு அதுவரை தெரியாது. பிள்ளை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தாள்.

மோசடி பற்றியும் இங்கேயே பேசிவிடுங்கள். வெளிநாட்டில் கால் சென்டர் வேலை, மாதம் ஐயாயிரம், படிப்பு தேவையில்லை என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் விளம்பரம். வங்கிக் கணக்கை இரவல் கொடுத்தால் காசு தருகிறேன் என்னும் நண்பன். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 997. ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

நூலகத்தை எப்படி அணுகுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் தேசிய நூலகம் 1972 சட்டத்தில் உருவானது. உங்கள் பட்டணத்துக் கிளை மாநில நூலகக் கழகத்தின் கீழ் இருப்பது. கிளையில் இருக்கும் ஊழியரால் பத்து ரிங்கிட்கூடத் தானாகச் செலவு செய்ய முடியாது. அதனால் அவரிடம் பணம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஒரு பக்கக் கடிதம், மலாயில், அறை இரண்டு மணி நேரம், வைஃபை, சுவரொட்டியில் நூலகத்தின் பெயர். இவை போதும். இன்னொரு ரகசியமும் சொல்கிறேன். வருஷக் கடைசியில் எங்களிடம் மேலிடம் கேட்பது எண்ணிக்கை: எத்தனை நிகழ்ச்சி, எத்தனை வருகையாளர், எத்தனை புதிய உறுப்பினர். ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிந்ததும் வருகைப் பதிவையும் இரண்டு படங்களையும் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். இருபது பேரையும் உறுப்பினராக்குங்கள். தேசிய நூலகத்தின் யூ-புஸ்தாகா வழியாக மின்னூலும் இரவல் எடுக்கலாம். மூன்றாம் மாதம் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

ஏன் சனிக்கிழமை? கெடாவில் நமக்கு வெள்ளி, சனி விடுமுறை. பாலம் தாண்டிப் பினாங்கில் வேலை பார்க்கும் அண்ணன், அக்காமாருக்குச் சனி, ஞாயிறு. இருவருக்கும் பொதுவாக விழுவது சனிக்கிழமை மட்டும்தான். வேலையில் இருக்கும் உங்கள் ஊர் ஆட்களைப் பேச அழைக்க வேறு நாளே கிடையாது. உங்கள் கிளை சனிக்கிழமை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் நேரம் குறையும். கிளை மூடியிருந்தால், முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட நாடி இணைய மையம் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள்; அங்கே கணினி உண்டு. பட்டணம் வரவே முடியாத தோட்டம் என்றால், நடமாடும் நூலகம் நின்றுபோக மாநில நூலகத்துக்கு எழுதுங்கள்.

பெண் பிள்ளைகள் வருவார்களா என்பது நாலரை மணிக்கு முடிக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. முதல் வாரம் அம்மாக்களையும் கூப்பிடுங்கள், அறைக் கதவைத் திறந்தே வையுங்கள், பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேர் இருங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். லைசென்ஸ் இல்லாமல் மோட்டாரில் மூன்று பேராக வரும் பையன்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பள்ளி வேன் ஓட்டுபவரிடம் சனிக்கிழமை ஒரு நடை பேசினால் ஆளுக்கு இரண்டு மூன்று ரிங்கிட்டில் முடியும். எங்கள் செலவில் பெரும்பங்கு வேனுக்கும் கறிபஃப்புக்கும்தான் போகிறது. மைக் வாங்கிய காசு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

அது பொது இடம் என்பதையும் மனதில் வையுங்கள். மலாய், சீனப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தால் நாற்காலி போடுங்கள். எங்கள் உறுமி வீடியோவுக்குப் படத்தொகுப்பு செய்தது ஒரு மலாய்ப் பெண்.

எண்ணிக்கை குறையும், பதறாதீர்கள். எங்களுக்கு முதல் வாரம் பத்தொன்பது பேர் வந்தார்கள், நான்காம் வாரம் ஐந்து பேர். மழை வேறு. நிறுத்திவிடலாமா என்று அன்று தோன்றியது. அந்த ஐந்து பேரில் ஒருவன்தான் பாட்டியின் பேரன். ஏழாம் வாரம் பன்னிரண்டு பேர் ஆனார்கள், அதற்கு மேல் ஏறவே இல்லை. ஏறாததும் நல்லதுதான், பன்னிரண்டு பேரின் பதிவைத்தான் ஒருத்தியால் உட்கார்ந்து கேட்க முடியும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பள்ளித் தவணை முழுக்க, ஒரு சனிக்கிழமை தவறாமல், உங்களால் வர முடியுமா? முடியாது என்றால் இப்போதே வேறு ஒருவரைப் பாருங்கள், தொடங்கிவிட்டு ஆளை மாற்றாதீர்கள். முடியும் என்றால் மலாய்க் கடிதத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள், யாருக்கு முகவரியிட வேண்டும் என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன். முதல் சனிக்கிழமைக்கு ஹெட்போன் இரண்டு, நீள வயர் ஒன்று, பிஸ்கட் இரண்டு டின் போதும்.